பாட்டும் ஒரு பிரசாதம்தான்!

கோயிலில் சர்க்கரைப் பொங்கல் கொடுக்கிறார்கள். தொன்னையைக் கையில் வாங்குகிறோம். நெய் வழிய, முந்திரி மினுங்க, ஆவி பறக்கிறது. என்ன செய்வோம்? கண்ணில் ஒற்றிக்கொண்டு ஒரு வாய் போட்டுக்கொள்வோம். பக்கத்தில் நிற்கும் குழந்தைக்கும் ஊட்டுவோம். அப்படி இல்லாமல், அதை நாலு கோணத்தில் போட்டோ எடுத்துவிட்டு, தொன்னையைத் தூண் ஓரமாக வைத்துவிட்டு யாராவது வீட்டுக்கு வருவோமா?

‘நன்றாக இருக்கிறதே... பிரசாதத்தை அப்படி யாராவது செய்வார்களா?’ என்று கேட்பீர்கள்.

செய்கிறோம் சகோதரிகளே! தினமும் செய்கிறோம். நானும் செய்தேன். எங்கே, எப்படி என்பதைத்தான் இந்த வாரம் உங்களிடம் சொல்லப் போகிறேன்.

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் போகும் நெடுஞ்சாலையில், வழியில் வருவது சூளகிரி. ஊருக்கு அடையாளமே அந்த மலைதான். பஸ்ஸில் வரும்போதே பாறைச் சிகரங்கள் கண்ணில் படத் தொடங்கிவிடும். இறங்கியதும் மூக்கைத் துளைப்பது கொத்தமல்லி, புதினா வாசனை! கட்டுக் கட்டாக வண்டியில் ஏறி வெளியூர் போகிற பச்சைத் தழைகள். ஒருபக்கம் இப்படி வயலும் தோட்டமும். இன்னொரு பக்கம், ஓசூர்த் தொழிற்சாலைகளுக்கு ஆட்களை ஏற்றிப்போகும் கம்பெனி பஸ்கள். கர்நாடக எல்லை பக்கம் என்பதால் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒரே டீக்கடையில் புழங்குகின்றன. பஜனை என்று உட்கார்ந்தால் ஆழ்வாருக்குப் பக்கத்திலேயே அன்னமய்யாவும் புரந்தரதாசரும் வந்து உட்கார்ந்துகொள்வார்கள்.

அந்த சூளகிரியை அடுத்த ஒரு சிற்றூர்ப் பெருமாள் கோயில் உற்சவத்துக்குத்தான் போயிருந்தேன். பெருமாள் வீதியுலா முடிந்து, கோயில் வாசலில் போட்டிருந்த பந்தலுக்கு எழுந்தருளினார். தாயார்கள் இருபுறமும் இருக்க, மல்லிகையும் ரோஜாவும் கலந்த மாலையில் அப்படி ஒரு அழகு! அவருக்கு எதிரே, சற்றே பக்கவாட்டில் சின்ன மேடை. பெங்களூரிலிருந்து வந்திருந்த பாடகி ஒருவர், வயலின், மிருதங்கம் சகிதம் அமர்ந்திருந்தார்.

ஒன்று கவனித்தேன். அவர் ஜனங்களைப் பார்த்து உட்காரவில்லை. பெருமாளைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

முதல் ரசிகர் யார்?

இதுதான் நாம் மறந்துபோகிற விஷயம். சபாவில் நடக்கும் கச்சேரி வேறு; சந்நிதியில் நடக்கும் கச்சேரி வேறு. பூஜையில் இறைவனுக்குச் செய்கிற உபசாரங்களில் குடை உண்டு; சாமரம் உண்டு; அந்த வரிசையிலேயே கீதம், வாத்தியம், நிருத்தம் என்று பாட்டும் இசைக்கருவியும் ஆடலும் வருகின்றன. அதாவது, தளிகை சமர்ப்பிப்பது போலவே பாட்டையும் சமர்ப்பிக்கிறோம். முதலில் கேட்பவர் அவர். அவர் கேட்ட பிறகு மிச்சமாக நமக்குக் கிடைப்பது என்ன? பிரசாதம்!

பொங்கலைக் கையால் வாங்கி வாயால் உண்கிறோம். பாட்டைக் காதால் வாங்கி மனசால் உண்ண வேண்டும். அவ்வளவுதான் வித்தியாசம்.

பிரகலாதனிடம் இரணியன், ‘படித்ததில் நல்லதாக ஒன்றைச் சொல்’ என்று கேட்டபோது, குழந்தை ஒன்பது விதமான பக்தியைச் சொன்னான் என்கிறது ஸ்ரீமத் பாகவதம். அதில் முதலாவது எது தெரியுமா? பாடுவது இல்லை, பூஜிப்பது இல்லை, ‘சிரவணம்’... கேட்பது! ஏழு நாளில் உயிர் போகப்போகிறது என்று தெரிந்த பரீட்சித்து மகாராஜா, கங்கைக் கரையில் உட்கார்ந்து சுகர் சொல்லச் சொல்லக் கேட்டே கரையேறினான். அவன் யாகம் செய்யவில்லை. கேட்டான். அவ்வளவுதான். திருவள்ளுவரும் ‘கேள்வி’ என்று ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார்.

இவ்வளவும் எனக்குத் தெரியும். தெரிந்துதான் என்ன? அன்றைக்குப் பந்தலில் நான் செய்ததைக் கேளுங்கள்.

‘போனை உள்ளே வைம்மா!’

கச்சேரி தொடங்கிய முதல் அரைமணி நேரம் நான் செல்போனும் கையுமாக எழுந்து எழுந்து நடந்தேன். பெருமாளும் பாடகியும் ஒரே படத்தில் விழ வேண்டுமே! பத்திரிகைக்கு வேண்டும் என்று ஒரு சமாதானம் வேறு. முதல் வரிசையில் ஏழெட்டுப் பேர் கையைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். பின்னால் இருந்தவர்களுக்கு, பெருமாள் அந்தச் சின்னச் சின்னத் திரைகளுக்குள்தான் தெரிந்தார்.

ஒருவழியாக நான் உட்கார்ந்தபோது, பக்கத்தில் இருந்த இளம்பெண் மடியில் ஒரு போனை வைத்திருந்தாள். திரை பக்கம் கீழே. முனை பாடகியைப் பார்த்து. பாட்டு முழுக்க அதை விடவே இல்லை. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

“கொஞ்ச நேரம் போனை உள்ளே வைம்மா. சாமி முன்னாடி நடக்குற கச்சேரி இது” என்றேன்.

அந்தப் பெண் பதறிவிட்டாள். “இல்லக்கா... அத்தைக்குப் போட்டிருக்கேன். அவங்க கட்டிலோட இருக்காங்க. இந்தக் கோயில்ல முப்பது வருஷமா கோலம் போட்டவங்க. வீடியோ இல்லக்கா, சும்மா போன் பண்ணி வெச்சிருக்கேன். சத்தம் மட்டும் கேட்டா போதும்னாங்க.”

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. “சரிம்மா, இருக்கட்டும்” என்று முணுமுணுத்துவிட்டுத் திரும்பிக்கொண்டேன்.

பாடகி பைரவி ராகத்தை எடுத்தார். மெல்ல மெல்ல, படிப் படியாக மேலே ஏறிக்கொண்டிருந்தார். வயலின்காரர் கண்ணை மூடிக்கொண்டு பின்னாலேயே போனார். பந்தலில் குழந்தைகள்கூட அடங்கிவிட்டன. இதோ, இன்னும் ஒரு படி... உச்சியைத் தொடப் போகிறார்...

‘கொக்கரக்கோ... கோ!’

சேவல் கூவியது. பந்தலே திரும்பிப் பார்த்தது. என் கைப்பையிலிருந்துதான்!

ஒன்பது மணி கிருஷ்ணகிரி பஸ்ஸைப் பிடிக்க, எட்டரைக்கு நான் வைத்திருந்த அலாரம். சத்தமில்லாத நிலைக்குப் போனை மாற்றித்தான் வைத்திருந்தேன். ஆனால், அது அழைப்பு மணியைத்தான் அடக்கும். பல போன்களில் அலாரத்தை அடக்காது என்பது அந்த நேரத்தில் என் புத்தியில் இல்லை. பையைத் துழாவி அதை நிறுத்துவதற்குள் இன்னும் இரண்டு முறை கூவிவிட்டது.

பாடகி நிறுத்தினார். பெருமாளைப் பார்த்தார். லேசாகச் சிரித்தார். பிறகு தொடர்ந்தார். ஆனால், ஏறிய இடத்திலிருந்து அல்ல, கீழிருந்து. சீக்கிரமே ராகத்தை முடித்துக்கொண்டு கீர்த்தனைக்குப் போய்விட்டார். அந்த உச்சி அன்றைக்கு வரவே இல்லை.

நியூயார்க்கிலும் இதே கதை

இது நம் ஊர் வியாதி என்று நினைத்துவிடாதீர்கள். 2012 ஜனவரி 10-ம் தேதி அமெரிக்காவின் நியூயார்க் நகரில், உலகப் புகழ்பெற்ற ஃபில்ஹார்மோனிக் இசைக்குழு, மாலர் என்ற இசைமேதையின் ஒன்பதாவது சிம்பொனியை வாசித்துக்கொண்டிருந்தது. அதன் கடைசிப் பகுதி, உயிர் பிரிவது போல ஒலி கரைந்து கரைந்து மௌனத்தில் முடிவது. அந்த நேரம் பார்த்து, முன்வரிசையில் ஒரு ஐபோன் ஒலிக்கத் தொடங்கியது. நிற்கவே இல்லை. நடத்துநர் ஆலன் கில்பர்ட் கையைத் தாழ்த்தி மொத்த இசைக்குழுவையும் நிறுத்திவிட்டார். போன் அடங்கிய பிறகுதான் மறுபடி வாசித்தார்கள்.

ஜனங்கள் கொதித்துப்போனார்கள். அந்த மனிதர் யார்? ஏனோதானோவென்று வந்தவரா? இல்லை. பல வருஷங்களாகச் சந்தா கட்டி அந்தக் குழுவின் கச்சேரிகளைக் கேட்டுவந்த ரசிகர்! முதல்நாள்தான் அவர் கம்பெனி புதுப் போன் கொடுத்திருந்தது. சத்தத்தை அடக்கிவிட்டுத்தான் உட்கார்ந்தார். உள்ளே அலாரம் இருந்தது அவருக்குத் தெரியாது. இரண்டு இரவுகள் தூங்கவில்லை என்று பிறகு பத்திரிகையிடம் சொன்னார். நடத்துநரிடம் மன்னிப்பும் கேட்டார். அவரும் மன்னித்தார்.

அவர் பட்ட பாடு எனக்கு இப்போது நன்றாகவே புரிகிறது!

இன்னொரு சம்பவம். 2011-ல் ஸ்லோவாக்கியா நாட்டில், யூதர்களின் வழிபாட்டுக்கூடம் ஒன்றில் லூகாஷ் கிமிட் என்ற கலைஞர் வயோலா வாசித்துக்கொண்டிருந்தார். வயலினைவிடச் சற்றே பெரிய வாத்தியம் அது. நடுவில் யாருடைய போனோ நோக்கியா மணியை அடித்தது. அவர் கோபப்படவில்லை. அந்த மணியின் மெட்டையே வாத்தியத்தில் வாங்கி, அழகாக விரித்து வாசித்தார். கூட்டம் சிரித்துக் கைதட்டியது. அந்த நோக்கியா மணியே, டாரேகா என்ற ஸ்பெயின் நாட்டு கிடார் மேதையின் இசையிலிருந்து எடுத்ததுதான்.

கலைஞர்கள் பெருந்தன்மையாக மன்னித்துவிடுகிறார்கள். ஆனால், பறிகொடுத்த அந்தக் கணத்தை யார் திருப்பித் தருவது?

கச்சேரி முடிந்ததும் நேராகப் பாடகியிடம் போய், “மன்னிச்சுக்கோங்கம்மா, அந்தச் சேவல் என்னோடதுதான்” என்றேன்.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். “பரவாயில்லம்மா, தெரியாம அடிச்சது. அதைவிட எனக்குக் கஷ்டமா இருக்கறது வேற. நல்ல சங்கதி ஒண்ணு விழறப்போ, எதிர்ல ஒரு முகம் மலர்ந்தா, அதுதான் அடுத்த சங்கதியைக் கொண்டுவரும். இப்பல்லாம் முகத்தைத் தேடறேன். போனோட முதுகுதான் தெரியறது” என்றார்.

பசுக்கள் கேட்ட பாட்டு

அவர் அப்படிச் சொன்னதும் எனக்கு ஆனாய நாயனார் நினைவுக்கு வந்தார். மழநாட்டு மங்கலம் என்ற ஊரில், ஆயர் குலத்தில் பிறந்தவர். பசு மேய்ப்பதே தொழில். புல்லாங்குழலில் ஐந்தெழுத்தை வாசிப்பதே வழிபாடு. ஒரு கார்காலத்தில், பொன்னாகப் பூத்துத் தொங்கும் கொன்றை மரத்தைப் பார்த்தார். சடை தாழ்ந்த சிவபெருமானாகவே அது அவருக்குத் தெரிந்தது. அங்கேயே நின்று குழலை எடுத்து ஊதினார்.

அப்போது என்ன நடந்தது என்று சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்தில் விரித்துச் சொல்கிறார். மேய்ந்த பசுக்கள் அசைபோடுவதை மறந்தன. பால் குடித்துக்கொண்டிருந்த கன்றுகள் மடியை மறந்து நின்றன. மான்கள் வந்தன. பாம்பும் மயிலும் பகையை மறந்து ஒன்றாக நின்றன. கடைசியில் சிவபெருமானே ரிஷபத்தில் வந்து நின்று கேட்டு, நாயனாரைத் தம்மோடு அழைத்துக்கொண்டார்.

கண்ணன் குழல் ஊதியபோது மான்கள் மேய்ச்சலை மறந்து நின்றதைப் பெரியாழ்வாரும் பாடியிருக்கிறார். சைவமோ, வைணவமோ, கேட்பது என்றால் என்ன என்பதைச் சொல்ல நம் பெரியவர்கள் காட்டிய உதாரணம் மாட்டையும் மானையும்தான்! வாயில் இருந்த புல்லைக்கூட விழுங்க மறந்து அவை கேட்டன. நாமோ, கையில் இருப்பதை ஒரு மணி நேரம் கீழே வைக்க மறுக்கிறோம்.

‘அப்புறம் பார்த்துக்கொள்ளத்தானே எடுக்கிறோம்? மறந்துவிடக் கூடாது என்றுதானே?’ என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அமெரிக்காவின் ஃபேர்ஃபீல்டு பல்கலைக்கழகத்தில் லிண்டா ஹென்கெல் என்ற உளவியல் பேராசிரியை இதைச் சோதித்துப் பார்த்து, 2013-ல் வெளியிட்டார். மாணவர்களை அருங்காட்சியகத்துக்கு அழைத்துப்போய், சில பொருள்களைச் சும்மா பார்க்கச் சொன்னார். சிலவற்றைப் போட்டோ எடுக்கச் சொன்னார். மறுநாள் கேட்டால், வெறுமனே பார்த்த பொருள்கள்தான் அதிகம் நினைவில் இருந்தன. முழுப் பொருளையும் போட்டோ எடுத்தவை அந்த அளவு நினைவில் இல்லை. ‘கேமரா பார்த்துக்கொள்ளும்’ என்று மனசு கையைக் கழுவிவிடுகிறது போலும்! ஆனால், ஒரு பொருளின் சின்ன பகுதியை நெருங்கி, உற்றுப் பார்த்து எடுத்தபோது நினைவு குறையவில்லையாம். ஆக, கருவியில் இல்லை குற்றம். கவனம் எங்கே போகிறது என்பதில்தான் இருக்கிறது.

நம் வீட்டையே பாருங்களேன். போன வருஷ நவராத்திரியில் எடுத்த வீடியோக்களை எத்தனை முறை போட்டுப் பார்த்தீர்கள்? இடம் போதவில்லை என்று போன் சொன்னதும் முதலில் அழிப்பதும் அதைத்தானே?

கட்டிலில் இருந்த ரசிகை

பஸ்ஸைத் தவறவிட்டிருந்தேன். அந்தப் பெண்ணிடம் இன்னொரு முறை மன்னிப்புக் கேட்காமல் போக மனசும் இல்லை. “அத்தையைப் பார்த்துட்டுப் போங்கக்கா, சந்தோஷப்படுவாங்க” என்று கூப்பிட்டாள். இரண்டு தெரு தள்ளி வீடு. அவள் கணவருக்கு ஓசூர் கம்பெனியில் செகண்ட் ஷிப்ட். வீட்டுக்கு வர நள்ளிரவாகும். வாசலிலேயே கட்டில். மெலிந்த கை, நெற்றி நிறையக் குங்குமம். தலைமாட்டில் போன்.

“வா கண்ணு, உட்காரு. நல்லாப் பாடுச்சு அந்தப் பொண்ணு” என்று ஆரம்பித்தார். என்னென்ன பாட்டு, எது முதலில், எது பின்னால் என்று வரிசையாகச் சொன்னார். பந்தலிலேயே உட்கார்ந்திருந்த எனக்கு முதல் மூன்று பாட்டு எதுவென்றே தெரியாது. நான்தான் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தேனே!

பிறகு சொன்னார்: “ஒரு இடத்துல மேல மேல போயிட்டே இருந்துச்சு கண்ணு. எனக்கு அப்படியே படியேறிப் பெருமாள்கிட்ட போற மாதிரி இருந்துச்சு. நடுவுல எவங்க வீட்டுக் கோழியோ கூவுச்சு பாரு. அப்புறம் அந்தப் பொண்ணு அங்க போகவே இல்ல. நானும் வரும் வரும்னு காத்துக்கிட்டே இருந்தேன்.”

எனக்குத் தொண்டை அடைத்தது. இரண்டு தெரு தள்ளிப் படுத்திருந்த ஒருவருக்கு அந்த உச்சி தேவைப்பட்டிருக்கிறது. அவருக்காக அது வந்துகொண்டிருந்தது. நான் தடுத்துவிட்டேன்.

“அம்மா... அது என் போன்தான்” என்றேன். மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அந்த அம்மா கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, “தெரியாம நடந்ததுக்குப் பெருமாள் கோவிச்சுக்க மாட்டாரு கண்ணு. ஆனா நீ இன்னிக்குக் கச்சேரியே கேக்கல போல. நாளைக்கும் இருக்கு. இருந்து முழுசாக் கேட்டுட்டுப் போ” என்றார்.

எத்தனையோ பரிகாரத் தலங்களைப் பற்றி எழுதியிருக்கிறேன். எனக்கே ஒரு பரிகாரம் கிடைத்தது அன்றைக்குத்தான்!

தூரத்திலிருந்து கேட்டவர், பாடியவர்

அன்றிரவு எனக்கு நம்பாடுவான் கதைதான் மனசில் ஓடியது. திருநெல்வேலிச் சீமையில் திருக்குறுங்குடி. பாணர் குலத்தில் பிறந்த நம்பாடுவான், இரவின் கடைசி யாமத்தில் கோயிலுக்குச் சென்று, வெளியிலேயே நின்று நம்பியைப் பாடித் துயிலெழுப்புவார். கார்த்திகை மாத வளர்பிறை ஏகாதசி இரவு, வழியில் ஒரு பிரம்மராட்சசன் அவரைப் பிடித்துக்கொண்டான். ‘என் விரதத்தை முடித்துவிட்டு வந்து உனக்கு உணவாகிறேன்’ என்று பதினெட்டுச் சத்தியங்கள் செய்து கொடுத்துவிட்டுப் போனார். பாடினார். சொன்னபடி திரும்பியும் வந்தார். இப்போது ராட்சசனுக்குப் பசி போய்விட்டது. ‘நீ பாடியதன் பலனைக் கொடு’ என்று கெஞ்சினான். கடைசியில், கைசிகம் என்ற பண்ணில் அமைந்த ஒரே ஒரு பாட்டின் பலனைக் கொடுத்தார். அதனால் அவன் சாபம் நீங்கியது. பூமிப்பிராட்டிக்கு வராகப் பெருமாள் சொன்ன கதை இது. கைசிக ஏகாதசி அன்று வைணவத் தலங்களில் இன்றும் இதை வாசிக்கிறார்கள்.

ஒரு பாட்டின் பலன், பாடியவரோடு நிற்பதில்லை. வாங்கத் தெரிந்தவனுக்கு அது ஒரு ஜென்மத்தின் பாவத்தையே தீர்க்கும். சந்நிதிக்குள் நுழைய முடியாமல் தூரத்தில் நின்றவர், நெருங்கி நின்ற பலரைவிடப் பெருமாளுக்கு நெருக்கமானார். அதே போல, பந்தலுக்கு வரமுடியாத அந்த அம்மாதான் அன்றைக்குப் பெருமாளுக்கு மிக அருகில் இருந்தார் என்று எனக்குப் பட்டது.

அப்படியானால் போன் நல்லதா, கெட்டதா?

1963-ல் எம்.எஸ்.சுப்புலட்சுமி அம்மாவின் குரலில் வேங்கடேச சுப்ரபாதம் இசைத்தட்டாக வெளிவந்தது. இன்றைக்கும் லட்சக்கணக்கான வீடுகளில் பொழுது விடிவது அந்தக் குரலில்தான். சூளகிரிக்குப் பக்கத்தில், ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878-ல் பிறந்த ராஜாஜி எழுதிய ‘குறை ஒன்றும் இல்லை’ பாட்டை, அதே எம்.எஸ். அம்மா பாடிக் கேட்டு உருகாதவர் யார்? நம்மில் பலர் அதைக் கேட்டது பதிவு செய்த ஒலியில்தான். ஆகவே, பதிவு செய்வதே பாவம் என்று நான் சொல்லமாட்டேன். அது வரமுடியாதவர்களுக்கு வாசல் திறக்கிறது. ஆனால், வந்து உட்கார்ந்தவர்களுக்கு அதே கருவி வாசலை அடைத்துவிடுகிறது! யாருக்காகக் கையை உயர்த்துகிறோம் என்பதைத்தான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கோயிலுக்குள் என்றால் பேச்சே இல்லை. திருச்செந்தூர் முருகன் கோயில் தொடர்பான வழக்கில், 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, கோயில்களின் தூய்மையும் புனிதமும் காக்கப்பட வேண்டும் என்று சொல்லி, தமிழகக் கோயில்களில் செல்போனுக்குத் தடை விதிக்க உத்தரவிட்டது. பக்தர்கள் போனை ஒப்படைத்துவிட்டுப் போகப் பாதுகாப்பு அறை அமைக்கவும் சொன்னது. திருமலையில் வேங்கடவனைத் தரிசிக்கப் போகும்போதும் போனைக் கொடுத்துவிட்டுத்தானே வரிசையில் நிற்கிறோம்? அந்த வரிசையில் நமக்கு என்ன குறைந்துபோகிறது? பக்கத்தில் இருப்பவர்கள் முகத்தைப் பார்க்கிறோம். கோவிந்த நாமம் சொல்கிறோம்.

ஆனால் கோயில் வாசலில் போட்ட பந்தலுக்கும், வீட்டு பஜனைக்கும், சபாக் கச்சேரிக்கும் எந்த நீதிபதி வந்து உத்தரவு போடுவார்? அங்கே நமக்கு நாம்தான்.

ஒரே ஒரு போன்

மறுநாள் காலையில் அந்தப் பெண்ணும் நானும் ஊர்ப் பெரியவரிடம் போய் விஷயத்தைச் சொன்னோம். பாடகியிடம் அனுமதி கேட்டதும், “இதுக்குப் போய்க் கேட்கணுமாம்மா?” என்றார். அன்று மாலை, மைக் செட்காரர் மேஜையில் ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் ஒரே ஒரு போன் வைக்கப்பட்டது. அந்த அம்மாவோடு, ஊரில் படுக்கையில் இருந்த இன்னும் சிலரையும் அதில் இணைத்தார்கள். “எழுந்து வரமுடியாதவங்களுக்கு இந்தப் போன் போதும். வந்திருக்கிற நாம எல்லாரும் காதைத் திறந்து வைப்போம், போனை மூடி வைப்போம்” என்று பெரியவர் மைக்கில் சொன்னார். முணுமுணுப்பு கொஞ்சம் எழுந்தது. ஓரிரண்டு பேர் கேட்கவில்லைதான். ஆனால், முன்வரிசையில் கைகள் இறங்கின. பின்னால் இருந்தவர்களுக்குப் பெருமாள் தெரிந்தார்.

அந்தப் பெண் இரண்டு கையையும் மடியில் கோத்துக்கொண்டு உட்கார்ந்து பாட்டைக் கேட்டாள். “நேத்து போன் நழுவிடுமோ, கட் ஆயிடுமோன்னே இருந்துச்சுக்கா. இன்னிக்குத்தான் நானும் கேக்குறேன்” என்றாள்.

பாடகி மறுபடியும் பைரவியை எடுத்தார். எனக்காக எடுத்தாரா, கட்டிலில் காத்திருந்த அந்த அம்மாவுக்காகவா... பெருமாளுக்குத்தான் தெரியும். படிப் படியாக ஏறினார். ஏறி, தொட்டு, அங்கேயே சில நொடிகள் நின்றார். பக்கத்தில் யாரோ ‘ஆஹா’ என்றார்கள். பெருமாளின் மாலையிலிருந்து ஒரு ரோஜா இதழ் உதிர்ந்து விழுந்தது. அதைப் படம் எடுக்க யார் கையிலும் போன் இல்லை. ஆனால், இதை எழுதும்போது என் கண்முன்னால் அது விழுந்துகொண்டேதான் இருக்கிறது.

சகோதரிகளே! மார்கழிக் கச்சேரியோ, நவராத்திரிப் பாட்டோ, தெருக்கோடி அம்மன் கோயில் பஜனையோ... அடுத்த முறை போகும்போது சின்னதாக ஒரு விரதம் எடுத்துக்கொள்ளுங்கள்.

புறப்படும் முன்பே வீட்டில் உள்ளவர்களிடம், ‘ஒரு மணி நேரம் கூப்பிடாதீர்கள்’ என்று சொல்லிவிடுங்கள். அவசரம் என்றால் யாரை அழைப்பது என்று ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். கைக்குழந்தையோ, நோயாளியோ வீட்டில் இருந்தால், அதிர்வு நிலையில் வைத்துக்கொண்டு ஓரமாக உட்காருங்கள். அது தவறே இல்லை. மற்றவர்கள் போனை முழுவதுமாக அணைத்துவிடுங்கள். சத்தத்தை மட்டும் அடக்கினால் போதாது. சேவல் கூவும்! படம் வேண்டும் என்றால், தொடங்கும் முன்பே பெருமாளை ஒரு படம் எடுத்துக்கொண்டு, உள்ளே வைத்துவிடுங்கள். வரமுடியாத பெரியவர்கள் யாராவது தெருவில் இருக்கிறார்களா என்று விசாரியுங்கள். பாடுகிறவரிடமும் நடத்துகிறவரிடமும் கேட்டு, அவர்கள் எல்லோருக்குமாக ஒரே ஒரு போனை ஏற்பாடு செய்யுங்கள். முடிந்ததும் அவர்கள் வீட்டுக்குப் போய், ‘எந்தப் பாட்டு பிடித்தது?’ என்று கேளுங்கள். நீங்கள் சரியாகக் கேட்டீர்களா என்பது அப்போது தெரிந்துவிடும்.

புறப்படும்போது அந்த அம்மாவிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். “இன்னிக்குக் கோழி கூவலையே!” என்று சிரித்தார். பிறகு, “பொண்ணு மேல போய்த் தொட்டுச்சு பாத்தியா?” என்று கேட்டார்.

“பாத்தேம்மா” என்றேன்.

அலுவலகத்துக்கு வந்ததும், “இரண்டாம் நாள் கச்சேரிப் படம் எங்கே?” என்று கேட்டார்கள். இல்லை என்றேன். அதனால்தான் இந்தப் பக்கங்களில் அந்தப் படம் இல்லை. பொறுத்தருளுங்கள். அன்று கிடைத்த பிரசாதத்தை நான் சாப்பிட்டுவிட்டேன்!